அருவியும் அணங்கும்: தமிழ், கெல்டிக் வழக்காறுகளில் காணா உயிர்கள்

முன்னுரை

ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயைக் கடந்து வீசத் தொடங்கியதும் தென்காசி வட்டாரம் முழுவதும் சாரலில் நனைகின்றது. பேரருவியில் நீர் பெருகிப் பொங்குமாங்கடலில் விழுந்து எழும் ஓசை தொலைவிலேயே செவியை நிறைக்கின்றது. அவ்வோசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதனோடு சேர்த்து மற்றொன்றையும் கேட்டு வளர்ந்தனர். உச்சிப்பொழுதில் நீர்த்துறைக்குத் தனியே போகாதே, அந்தியில் மலையடியில் நில்லாதே, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராதே என்னும் மூதாட்டியரின் எச்சரிக்கைகளே அவை. நீருக்குள்ளும் மரத்தின் மேலும் யாரோ உறைகின்றனர் என்பது அவற்றின் உட்பொருள்.

இங்ஙனம் கண்ணுக்குப் புலனாகாத உயிர்களைப் பற்றிய நம்பிக்கை நமக்கே உரியதன்று. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், மான் தீவு, பிரான்சின் பிரித்தானி ஆகிய கெல்டிக் மொழி வழங்கிய நிலங்களின் கதைகள் இத்தகைய உயிர்களால் நிறைந்துள்ளன. கடல்களால் பிரிக்கப்பட்ட இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்துக் காண்பதும், அவை மக்கள் வாழ்வில் ஆற்றிய பணி யாது என ஆராய்வதும், அப்பணி எவ்விடத்தில் தீங்காக மாறுகின்றது எனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘ஃபேரி’ எனப்படுவதை நாம் ‘தேவதை’ என மொழிபெயர்த்து விடுகின்றோம். சிறகு முளைத்த சின்னஞ்சிறு பெண் உருவமே உடனே நம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. அவ்வுருவம் பிற்கால ஓவியங்களும் குழந்தை நூல்களும் தந்தது. அச்சொல்லோ ஊழைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியாகப் பிரெஞ்சில் புகுந்து, பின்னர் ஆங்கிலத்திற்கு வந்தது. பிறந்த குழந்தையின் ஊழை வகுக்கும் ஆற்றல் என்பதே அதன் வேர்ப்பொருள்.

அயர்லாந்து மக்கள் தம் காணா உயிர்களை ‘ஷீ’ என்றனர். அச்சொல் முதலில் மண்மேட்டைக் குறித்தது. பழங்காலத்தில் அத்தீவை ஆண்ட ‘துவாத் தே தானன்’ என்னும் தெய்வக் குடியினர், பின்வந்த மக்களிடம் தோற்று மேடுகளுக்குள் மறைந்து வாழ்கின்றனர் என்பது அவர்தம் தொன்மம். ஆதலின் மேட்டின் பெயரே அதனுள் உறைவோர்க்கும் ஆயிற்று. ‘பான்ஷீ’ என்பாள் மேட்டுப் பெண். ஒரு குடும்பத்தில் சாவு நேரப்போவதை அழுகுரலால் முன்னறிவிப்பவள்.

தமிழில் ‘அணங்கு’ என்னும் சொல்லும் இதுபோன்றதொரு பயணத்தை மேற்கொண்டுள்ளது. சங்க நூல்களில் அது வருத்தத்தையும், வருத்தும் ஆற்றலையும், அவ்வாற்றல் உறையும் தெய்வத்தையும் குறிக்கின்றது. ‘சூர்’ என்பதும் அச்சம், அச்சந்தரும் தெய்வம் என இருபொருள் படுவது. திருக்குறளில் ‘தகையணங்குறுத்தல்’ என ஓர் அதிகாரத்திற்கே பெயர் அமைந்தது. அங்கே தலைவன் தான் கண்ட பெண்ணை அணங்கோ எனவும் மயிலோ எனவும் மகளோ எனவும் ஐயுறுகின்றான். காலப்போக்கில் அச்சம் தேய்ந்து அழகு மட்டும் எஞ்ச, அணங்கு என்பது அழகிய பெண்ணைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிட்டது. ஊழைக் குறித்த சொல் சிறகு பெற்றதும், வருத்தத்தைக் குறித்த சொல் அழகு பெற்றதும் ஒப்பிட்டு எண்ணத்தக்கன.

மலையும் நீரும் உறைவிடங்கள்

மலைச்சோலைகளில் சூரரமகளிர் கூடி ஆடிப் பாடுவதைத் திருமுருகாற்றுப்படை விரித்துரைக்கின்றது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலையில் எழும் ஓசைகளை வரிசைப்படுத்துமிடத்து, அருவியில் திளைக்கும் வானர மகளிர் நீரைக் குடைந்தாடும் ஓசையைக் கூத்தரின் இசைக்கருவிகளோடு ஒப்பிடுகின்றது. அருவியோசையில் பெண்டிரின் விளையாட்டைக் கேட்ட அச்செவி, குற்றாலத்தில் நாம் கேட்கும் செவியினின்று வேறன்று.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை இவ்வகையில் ஒரு கருவூலமாகும். மதுரைக்குச் செல்லும் வழியை விளக்கும் மாங்காட்டு மறையோன், திருமால் குன்றத்தில் ஒரு பிலம் உண்டென்றும், அதனுள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என மூன்று பொய்கைகள் உண்டென்றும் கூறுகின்றான். அங்குச் செல்வோர் முன் வரோத்தமை என்பாள் தோன்றி, இம்மை இன்பமும் மறுமை இன்பமும் இரண்டுமின்றி நிலைத்து நிற்பதும் யாவை என வினவுவாள். விடை கூறுவோர்க்கு வழி திறப்பாள். அப்பால் மற்றொருத்தி தோன்றி வினவுவாள். விடை கூறாவிடினும் துன்புறுத்தாமல் வழிப்போக்கரை அனுப்பிவைப்பாள். மேட்டுக்குள் மறைவுலகம், வாயிலில் ஒரு பெண், அவள் விதிக்கும் நிபந்தனை என்னும் இவ்வமைப்பு ஐரியக் கதைகளைப் பயின்றார்க்கு நன்கு அறிமுகமானதே. கவுந்தியடிகள் அப்பொய்கைகள் தமக்கு வேண்டா என மறுத்துரைப்பது இளங்கோவடிகளின் தனிச்சிறப்பு. நம்பிக்கையைச் சொல்லவும் வேண்டும், அதற்கு அடிமையாகவும் கூடாது என்னும் நடுநிலையை அங்கே காண்கின்றோம்.

அக்காதையிலேயே கோவலன் நீர் கொணரப் பொய்கைக் கரைக்குச் செல்கின்றான். கானுறை தெய்வமாகிய வனசாரிணி, மாதவியின் தோழி வயந்தமாலையின் உருவில் தோன்றி அவனை மயக்க முயல்கின்றாள். பாய்கலைப் பாவையின் மந்திரத்தால் அவன் உண்மையை உணர்கின்றான். தெரிந்தவர் உருவில் தெரியாத ஒன்று நீர்க்கரையில் வந்து நிற்பதே இக்கதையின் அச்சம். ஸ்காட்லாந்தின் ‘கெல்பி’ என்னும் நீர்க்குதிரை, கரையில் அழகிய குதிரையாக நின்று, ஏறியவரை ஆழத்துள் இழுத்துச் செல்வதும் இதே அச்சத்தின் வேறு உருவமாகும்.

குறவஞ்சி காட்டும் குற்றாலம்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18 ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, இம்மலையின் காணா உயிர்களுக்கு மற்றொரு முகத்தைத் தருகின்றது. குறத்தி தன் மலைவளம் கூறுமிடத்து வானவரும் வான்வழிச் செல்லும் சித்தரும் மலையில் இயல்பாக வந்து போகின்றனர். அங்கே அச்சம் இல்லை. அண்டை வீட்டார் வந்து போவது போன்ற நெருக்கமே உள்ளது. அணங்கு நிறைந்த மலை குறத்திக்குத் தாய்வீடு ஆகிவிடுகின்றது.

அவளே வசந்தவல்லிக்குக் குறி சொல்லத் தொடங்கும்போது வட்டாரத் தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைக்கின்றாள். ஆரியங்காவிலும் சொரிமுத்திலும் உறையும் அய்யனாரும், குற்றால நங்கையும், கறுப்பனும், மாடனும் அவ்வழைப்பில் இடம்பெறுகின்றனர். இன்று ஆரியங்காவு கேரள மாநிலத்திலும், சொரிமுத்து அய்யனார் கோயில் திருநெல்வேலி மாவட்டக் காரையாற்றுக் காட்டிலும், குற்றாலம் 2019 இல் உருவான தென்காசி மாவட்டத்திலும் உள்ளன. ஆட்சி எல்லைகள் மாறினும் குறத்தி வரைந்த தெய்வப்படம் மாறவில்லை. ஆடி அமாவாசையில் சொரிமுத்தில் கூடும் மக்கள்திரள் இதற்குச் சான்று.

ஊர்வழக்கில் வாழும் உயிர்கள்

ஏட்டிலக்கியத்திற்கு வெளியே இவ்வுயிர்கள் இன்னும் அடர்ந்து காணப்படுகின்றன. குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் ஏழு கற்களாக நிற்கும் கன்னிமார், கொடுமையால் இறந்து தெய்வமான இசக்கி, பழையனூர் நீலி, சுடுகாட்டைக் காக்கும் சுடலைமாடன், சதுப்பு நிலத்தில் இரவில் ஒளிரும் கொள்ளிவாய்ப் பேய் எனப் பட்டியல் நீளும். இசக்கி என்னும் பெயர் ‘இயக்கி’ என்பதன் திரிபு, வடமொழியில் யட்சி. இவருள் பலருடைய வரலாறுகளை வில்லுப்பாட்டு இன்றளவும் சுமந்து வருகின்றது. நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) இத்தகைய கதைப்பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்து, அவற்றைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாக ஆராய வழிகாட்டினார்.

இரு மரபுகளிலும் காணப்படும் சில ஒற்றுமைகள் வியப்பூட்டுவன. அவற்றுள் மூன்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, பெயரைத் தவிர்த்தல். ஐரிய மக்கள் காணா உயிர்களை ‘நல்லவர்கள்’ என்றே சுட்டினர். வேல்ஸ் மக்கள் ‘அழகிய குடும்பத்தார்’ என்றனர். நாமும் நஞ்சுடைய பாம்பை ‘நல்ல பாம்பு’ என்கின்றோம். இரவில் அதனைப் ‘பூச்சி’ என்கின்றோம். அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்கின்றோம். அஞ்சத்தக்கதை இன்சொல்லால் ஆற்றுப்படுத்துதல் இதன் கருத்து.

இரண்டாவது, இரும்பு. கெல்டிக் நாடுகளில் குழந்தையின் தொட்டிலருகே இரும்புப் பொருளை வைத்தனர். நம் வீடுகளிலும் பிள்ளை பெற்றவளின் அருகில் அரிவாளோ கத்தியோ வைப்பதுண்டு. பேய் உறையும் மரத்தில் ஆணி அறைவதும் உண்டு. புண்பட்ட வீரனைப் பேய் அண்டாமற்காக்க வேப்பிலை செருகி, ஐயவி புகைத்து, காஞ்சிப் பண் பாடியதைப் புறநானூறு கூறுகின்றது. குழந்தை, தாய், புண்பட்டோன் என நலிந்தோரே காணா உயிர்களின் இலக்கு என்னும் கருத்து இரு நாட்டினர்க்கும் பொதுவாதல் காண்க.

மூன்றாவது, மனிதரோடு மணம். வேல்ஸ் நாட்டு ஏரி ஒன்றிலிருந்து எழுந்த பெண், காரணமின்றி மூன்றுமுறை அடித்தால் நீங்கிவிடுவேன் எனக் கூறி ஓர் உழவனை மணக்கின்றாள். மூன்றாம் அடி விழுந்த நாளில் தன் ஆநிரையுடன் நீருள் மறைகின்றாள். அவள் மக்களே மித்வை ஊரின் புகழ்பெற்ற மருத்துவர் ஆயினர் என்பது கதை. மணிமேகலையில் நாகநாட்டு இளவரசி பீலிவளை, புகாரின் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு திங்கள் உடனுறைந்து, சொல்லாமலே நீங்குகின்றாள். பின்னர் அவள் அனுப்பிய குழந்தை கலம் உடைந்து காணாமற்போக, அத்துயரில் மன்னன் இந்திரவிழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கின்றது. ஏரிப்பெண்ணின் கதை ஓர் உழவனின் இல்லத்தோடு முடிகின்றது; பீலிவளையின் கதையோ ஒரு நகரத்தின் அழிவில் முடிகின்றது. நம் காப்பியம் தனிமனிதத் துயரை நாட்டின் துயராக விரித்துக் காட்டுகின்றது.

ஜின்னும் இடைநிலைப் படைப்பும்

இவ்வாராய்ச்சியில் இசுலாமிய மரபைக் குறிப்பிடாமல் செல்லுதல் பொருந்தாது. திருக்குர்ஆனின் 72 ஆம் அத்தியாயம் ‘அல்ஜின்’ என்னும் பெயருடையது. ஜின்கள் நெருப்பினின்று படைக்கப்பட்டவர்கள்; அவர்களுள் நல்லோரும் உளர், அல்லாதோரும் உளர் என்பது அம்மறை தரும் செய்தி. அவர்கள் வானவரும் அல்லர்; மாந்தரும் அல்லர்; ஆயினும் மாந்தரைப் போலவே அறப்பொறுப்பு உடையவர்கள்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட வரலாற்றுக்குத் தனிப் படலமே அமைத்துள்ளார். தமிழ்க் காப்பிய மரபில் பூதமும் பேயும் பெரும்பாலும் ஏவல் செய்வனவாகவோ அச்சுறுத்துவனவாகவோ வருதல் வழக்கம். காணா உயிர்கள் இறைமொழியைச் செவியுற்று, சிந்தித்து, தாமே தெளிந்து நெறிப்படுதல் என்பது அம்மரபுக்கு வந்து சேர்ந்த புதுவளம் எனலாம்.

அயர்லாந்திலும் இத்தகைய சிந்தனை எழுந்தது. கிறித்தவம் பரவிய பின்னர், பழைய ஷீ மக்கள் யார் என்னும் வினாவிற்கு, விண்ணிலிருந்து வீழ்ந்த வானவர்கள், மீட்கப்படும் அளவு நல்லவரும் அல்லர், நரகில் தள்ளப்படும் அளவு தீயவரும் அல்லர் என்று மக்கள் விடை கண்டனர். கவிஞர் யேட்ஸ் 1888 இல் வெளியிட்ட ஐரிய நாட்டுக்கதைத் தொகுப்பில் இக்கருத்தைப் பதிவு செய்துள்ளார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஐரியக் கதையில் அவர்களின் கதி தீர்ப்பின்றி இடையில் நின்றுவிடுகின்றது. இசுலாமிய மரபிலோ ஜின்களுக்கும் கடமையும் தீர்ப்பும் உண்டு.

அச்சம் காத்தவை

இந்நம்பிக்கைகள் வெறும் பொய்க்கதைகளா? அங்ஙனம் தள்ளிவிடுவது ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. காணா உயிர்கள் எங்கெங்கு வைக்கப்பட்டுள்ளன எனக் கூர்ந்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆழ்ந்த நீர், வழுக்கும் பாறை, அடர்ந்த காடு, உச்சிவெயில், அந்தி மயக்கம், மகப்பேறு, சாவு ஆகிய இவையனைத்தும் மனித வாழ்வின் எல்லைகள். ஊறு நேரக்கூடிய இடங்களும் பொழுதுகளும் ஆகும். எழுத்தறியாக் காலத்தில் எச்சரிக்கைப் பலகையின் பணியை அணங்கு செய்தது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகி, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவர் காண்பதில்லை. அருவியை நம்பாதே, அதற்கொரு மனம் உண்டு எனக் கருதிய முன்னோர் மொழியில், நீரின் இயல்பை உணர்ந்த பட்டறிவு பொதிந்துள்ளது. இன்று அவ்வெச்சரிக்கையை மழைமானியும் அறிவிப்பொலியும் தரவேண்டும். ஆனால் நீர்முன் பணிந்து நிற்கும் மனநிலையை அவை மட்டும் தந்துவிட மாட்டா.

காட்டைக் காத்ததும் அச்சமே. கோயில்காடுகளில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சினர். அதனால் பல மரங்கள் பிழைத்தன. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து லட்டூனில், நெடுஞ்சாலைக்காக அழிக்கப்படவிருந்த ஒற்றை முள்மரத்தைத் தேவதைகளின் மரம் எனக் கதைசொல்லி எட்டி லெனிஹன் 1999 இல் எடுத்துக்காட்ட, அம்மரம் காக்கப்பட்டது.

அச்சம் அழித்தவை

ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அணங்கு அருவியில் இருக்கும்வரை காவல். அதனை நோயுற்ற மனித உடலுக்குள் ஏற்றிவிட்டால் கொடுமை.

1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்னும் இளம்பெண் நோயுற்றாள். தேவதைகள் உண்மையான மனைவியைக் கவர்ந்துகொண்டு மாற்றுருவை வைத்துவிட்டனர் என அவள் கணவன் நம்பினான். உறவினரும் உடனிருக்க அவளைத் துன்புறுத்தி, இறுதியில் நெருப்பிட்டுக் கொன்றான். அவனுக்கு நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

தொலைநாட்டுக் கதை எனத் தோன்றலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயைப் பேயின் செயலாகக் கருதிய நெடுநாளைய நம்பிக்கையும் அவர்களை அங்குக் கொண்டுசேர்த்தது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்துள்ளது.

கட்டுரையாளரின் சிறுவயதில், எங்கள் தெருவில் ஒரு பெண் அருவிக்குச் சென்று வந்த அன்று மாலை கைகால் வெட்டி வீழ்ந்தாள். நீர்க்கன்னி பிடித்துவிட்டாள் என்றனர். வேப்பங்குழையால் அடித்தனர், மிளகாய்ப் புகை காட்டினர். பல மாதங்கள் கழித்தே அது வலிப்பு நோய் என மருத்துவர் கண்டு மாத்திரை தந்தார், அவளும் நலம்பெற்றாள். அவ்விடைப்பட்ட மாதங்களில் அவள் பட்ட அடிகளை எந்த நாட்டுப்புறவியலும் நியாயப்படுத்த இயலாது. அவள் முகத்தை நினையாமல் இக்கட்டுரையை எழுதவும் இயலவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். காணா உயிர்கள் மனித வாழ்வின் எல்லைகளில் நிறுத்தப்பட்ட காவலர்கள். அவர்களைப் பற்றிய சொற்களும் கதைகளும் காலந்தோறும் மாறி, புதிய சமயச் சிந்தனைகளையும் ஏற்று வளர்ந்துள்ளன. கதையாக அவற்றைப் போற்றுவதும், மருத்துவமாக அவற்றை மறுப்பதும் ஒருசேர நம் கடமைகளாகும்.

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள், தம் வீட்டு முதியோரிடம் கேட்ட கதைகளைக் கையால் எழுதித் தொகுத்தனர். ஒரு நாட்டின் நினைவையே பிள்ளைகளின் குறிப்பேடுகள் காத்தன. மாணவ நண்பர்களே! தென்காசியிலும் செங்கோட்டையிலும் மேலகரத்திலும் உங்கள் வீட்டுத் திண்ணையில் இக்கதைகளை அறிந்த மூதாட்டி ஒருவர் இன்னும் இருக்கக்கூடும். வரும் சாரல் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அவர் அருகே அமருங்கள். சொல்பவர், ஊர், நாள் மூன்றையும் மறவாது குறியுங்கள். அவர் சொல்லுவதைத் திருத்தாமல் எழுதுங்கள். அவ்வேட்டின் கடைசிப் பக்கத்தில், வலிப்பு கண்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க என்னும் ஒரு வரியையும் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுங்கள்.